பள்ளிக்குத் தரும் பணமும் பிள்ளைக்குத் தரும் பணமும்



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். சூளையை நிறைய அடுக்கிச் சுட்டாலும் பாதி அடுக்கிச் சுட்டாலும் எரிபொருட் செலவு பாதியாகக் குறைந்துவிடாது. பள்ளிக்கூடத்துக் கணக்கும் இத்தகையதே. வகுப்பில் முப்பது பேர் இருப்பினும் இருபத்தைவர் இருப்பினும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். கட்டடமும் குடிநீரும் வேண்டும்.

பொதுப்பணம் தனியார் நடத்தும் பள்ளிக்குச் செல்லலாமா என்னும் வழக்கு பழையது. 1854ஆம் ஆண்டில் சார்லஸ் வுட் விடுத்த கல்வி அறிக்கை உதவி மானிய முறைக்கு வழி வகுத்தது. நம்முடைய உதவிபெறும் பள்ளிகள் அம்மரபில் வந்தவை. அங்கே மானியம் பள்ளிக்கு. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலம் 1991இல் இயற்றிய சட்டத்தின் வழியே, கட்டணமின்றித் தனி நிர்வாகத்தில் இயங்கும் சாசனப் பள்ளிகள் தோன்றின. அங்கே பிள்ளை செல்லும் இடத்திற்குப் பணமும் உடன் செல்கின்றது.

இதற்கு நெருங்கிய ஏற்பாடு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் உண்டு. மானியம் பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அரசு தன் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்குச் செலவிடும் தொகை, அத்தனியார் பள்ளியின் கட்டணம், இவ்விரண்டில் எது குறைவோ அதனை அரசு ஈடுசெய்யும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. மானியம் பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது.

கூலி வேலை செய்யும் தாய் தன் மகளை அத்தகைய பள்ளியிற் சேர்த்தால் அவளைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? எனக்கில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்வதும் ஒரு கல்வியே.

ஆயினும் அவள் விட்டுவந்த தெருப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். அதே சட்டத்தின் அட்டவணைப்படி, முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை ஆசிரியர் இருவர். 61 முதல் 90 வரை மூவர். 61 பேர் பயிலும் பள்ளியிலிருந்து ஒரு சிறுமி நீங்கினால், எஞ்சிய அறுபதின்மருக்கு ஓர் ஆசிரியரே போய்விடலாம். ஐந்து வகுப்புகளை இருவர் கட்டியாள வேண்டும்! பிறகு இன்னொரு தாயும் தன் மகனை அழைத்துக்கொண்டு போவாள். அவள் செய்வதும் நியாயமே, அதுதான் சிக்கல்.

தனியார் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கும் முழு உறுதி இல்லை. மத்திய அரசின் பங்கு வரவில்லை என்று தமிழக அரசு கூற, 2025ஆம் ஆண்டுச் சேர்க்கை, பள்ளிகள் ஜூனில் திறந்த பின்னர், அக்டோபரிலேதான் தொடங்கிற்று.

ஈட்டுத்தொகை வேண்டாவென்று நான் சொல்லவில்லை. அத்தொகை வழங்கப்பெறும் ஊர்களில், அரசுப் பள்ளியின் ஆசிரியர் இடத்தை ஓரிரு பிள்ளைகள் குறைந்ததற்காகச் சில ஆண்டுகளேனும் நீக்காதிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்காகும் சம்பளத்தையும் இத்திட்டத்தின் செலவாகவே வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவிடலாம்.