முனிசிபாலிடி யாருக்கு?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த வகுப்புக்கு வரும் வழியில் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "சம்பளம், போனஸ், கூலி பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சாக்கடை பற்றி என்ன பேச்சு?" நியாயமான கேள்விதான். கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் ஒரு அம்மாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்த அம்மாளின் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது. வருகிற நாளிலும் இரவு இரண்டு மணிக்குத்தான் வரும். விடிகிற வரைக்கும் குடம் தூக்கிவிட்டு முதல் ஷிப்டுக்குப் போகிறார். மெஷின் முன்னால் கண் சொக்குகிறது. மேஸ்திரி பெயரை எழுதிக்கொள்கிறான். மறுநாள் மெமோ. யூனியன் அந்த மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தது, நல்லதுதான். ஆனால் மெமோ பிறந்த இடம் மில் ஆபீஸா? எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வால்வைத் திறப்பது என்று முனிசிபல் ஆபீசில் ஒருவர் முடிவு செய்தாரே, அங்கேதான் அது பிறந்தது. அதே தொட்டித் தண்ணீர் பங்களாத் தெருவுக்குக் காலை ஆறு மணிக்குப் போகிறது.

மில் கேட்டுக்குள் நமது எட்டு மணி நேரத்தை முதலாளி வாங்கிக்கொள்கிறான். மிச்ச நேரத்தை நாம் எப்படிக் கழிக்கிறோம் என்பதில் பாதியை முனிசிபாலிடி தீர்மானிக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்து முனிசிபாலிடியில் சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. 1920ல் சென்னை மாகாணத்தில் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் வந்தன. முனிசிபாலிடி சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. 1998ஆம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகே அது போயிற்று. இதற்கிடையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஓட்டு வந்துவிட்டது, அதிகாரம் வந்ததா?

1992ல் அரசியல் சட்டத்தை 74வது முறையாகத் திருத்தி, நகர சபைகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 இனங்களைப் பட்டியல் போட்டார்கள். முதல் இனம் நகரத் திட்டமிடல். இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டிடங்களையும் ஒழுங்கு செய்வது. பிறகு ரோடு, தண்ணீர் என்று போகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ராஜ்யத்தில் நிலத்தின் திட்டம் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் கையில். பெரிய தண்ணீர்த் திட்டங்கள் 1971ல் அமைத்த குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். பணம் சென்னையிலிருந்து வர வேண்டும். 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரியில்தான் அடுத்த நகரசபைத் தேர்தலே நடந்தது. நடுவில் 2016 அக்டோபர் முதல் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே ஆண்டார்கள். அந்த ஐந்து வருஷத்தில் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் தேர்தல் நடக்கத்தானே செய்தது? நம் தெருவுக்கு மட்டும்தான் ஓட்டுப் பெட்டி கிடைக்கவில்லை.

அப்படியானால் நகர சபையில் ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடலாமா? கூடாது. சந்தைக் குத்தகை முதல் சாக்கடை வரை அங்கே முடிவாகிறது. காண்டிராக்டர்கள் ஒரு கூட்டத்தைக் கூடத் தவற விடுவதில்லை. ஒன்றும் இல்லாத இடத்துக்கு அவர்கள் வருவார்களா?

ஒரு சாக்கடை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். வார்டு உறுப்பினர் கேட்கிறார். என்ஜினீயர் அளந்து மதிப்பீடு போடுகிறார். அது பொருள்பட்டியலில் ஏறி, கூட்டத்தில் தீர்மானம் ஆகிறது. டெண்டர், வேலை உத்தரவு, வேலை. முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிவு. எம் புக் என்பார்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் பில். கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசுவது பத்திரிகையில் வரும். ஆனால் விஷயம் நடப்பது மதிப்பீட்டிலும் எம் புக்கிலும்.

நான் வேலை செய்கிற ஊரில் ஒரு லைன் வீட்டுத் தெரு. சாக்கடை கட்டி முடிந்துவிட்டது என்று காகிதம் சொன்னது. தெருவின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மழைக்கு மலத்தண்ணீர் உள்ளே வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எம் புக்கின் நகலை வாங்கினோம். 180 மீட்டர் என்று எழுதியிருந்தது. மில்லில் ஃபிட்டராக இருக்கும் தோழர் ஒருவர் டேப்பைக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு ஜனங்கள் எல்லோரும் பார்க்க அளந்தோம். 112 மீட்டர்! மிச்சம் 68 மீட்டர் சாக்கடை புத்தகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகமும் டேப்பும் கூட்டத்துக்குப் போன மூன்றாவது வாரம் ஜல்லி வந்து இறங்கியது. இதற்கு முன் அதே தெருவுக்காக நாங்கள் இரண்டு முறை ஆர்ப்பாட்டம் நடத்தியிருக்கிறோம். இரண்டு முறையும் "ஆவன செய்யப்படும்" என்ற பதில்தான். ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் காகிதம் இருந்தால் கோஷத்துக்குப் பல் முளைக்கும்.

இனி நிலத்துக்கு வருவோம். கிராமத்திலிருந்து வந்திருக்கும் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

நகருக்கு முழுமைத் திட்டம் என்று ஒரு வரைபடம் உண்டு. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்தைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம் பூசியிருப்பார்கள். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் படம் மாதிரி இருக்கும். ஒரு வர்ணம் இன்னொரு வர்ணமாக மாறினால் நிலத்தின் விலை பல மடங்கு ஏறுகிறது. உழைப்பு கூடவில்லை, விளைச்சல் கூடவில்லை. பிரஷ் ஒரு முறை நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த லாபம் நிலச்சொந்தக்காரனுக்கும் மனைத் தரகனுக்கும் போகிறது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு வேலை போகிறது. அவள் பெயர் பட்டாவிலும் இல்லை, வரைபடத்திலும் இல்லை. கோவையில் பழைய மில் வளாகங்கள் சில வியாபாரக் கட்டிடங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சாலை இருந்த மண்ணுக்கு, பஞ்சாலையைவிட விலை அதிகம் என்று ஆகிவிட்டால், ஆலையை நன்றாக ஓட்ட முதலாளிக்கு என்ன அவசரம்?

1971ஆம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டப்படி திட்டத்தின் நகலை வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். விளம்பரம் வரும். நம்மில் யார் பார்த்தோம்? தனி நிலத்தின் உபயோகத்தை மாற்ற மனுப் போடுகிறவன் நகர சபையின் தீர்மானத்தையும் கேட்டு வருவது வழக்கம். பொருள்பட்டியலில் அது சர்வே நம்பராக, ஒரே வரியில் இருக்கும். கவுன்சிலர்கள் "ஆல் பாஸ்" என்று கை தூக்குகிற இருபது வரிகளில் அதுவும் ஒன்று.

ஊராட்சிகளை நகரத்தோடு சேர்ப்பதும் இந்த வகையில் சேர்ந்ததே. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை முனிசிபாலிடி, கார்ப்பரேஷன்களோடு சேர்க்க அறிவிப்பு வந்தபோது, பல ஜில்லாக்களில் பெண்கள் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்கு வந்தார்கள். ஏன்? ஊர் நகரமாகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது என்பதே அன்றைய நிலை. 2005ஆம் வருஷத்து வேலை உறுதிச் சட்டம் கிராமத்துக்கு மட்டும் போட்ட சட்டம். வேலை போகும், வீட்டு வரி ஏறும், தண்ணீர் எப்போது வரும் என்பது தெரியாது. "நகரமானால் நாகரிகம் வரும்" என்று அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள் சில பெரியவர்கள். நாகரிகம் வரட்டும், அந்த நூறு நாள் கூலியை யார் தருவது?

இன்னொன்று, "எங்கள் தெருவுக்கு விளக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால் ஆபீசில், "அந்தத் தெரு எங்கள் பதிவேட்டில் இல்லை" என்பார்கள். இது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாம் மனை வாங்கிய இடம் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. அங்கீகாரம் வாங்கிப் பிரிக்கிறவன் ரோட்டைத் தானப் பத்திரம் எழுதி முனிசிபாலிடிக்கு ஒப்படைக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவானால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும். இதெல்லாம் அவனுக்கு நஷ்டம். அதனால் வயலில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, தவணைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டான். பண்டிகை போனஸைப் போட்டு வாங்கியவன் நம் தொழிலாளி. இத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் ஹைக்கோர்ட் தடை போட்டது. 2017 மே மாதம் வரன்முறைக்கான விதிகள் வந்தன. குற்றம் செய்தவன் மனைத் தரகன். வரன்முறைக் கட்டணத்துக்கு அலைந்தவன் மனை வாங்கியவன். ஏரியிலும் வாய்க்காலிலும் போட்ட மனைக்கு அந்த வரன்முறையும் இல்லை. ஆகவே மனை வாங்கப் போகிற தோழர்கள் முதலில் சர்வே நம்பரோடு வாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு வராதீர்கள். அப்போது எங்களால் உங்களோடு சேர்ந்து கவலைப்படத்தான் முடியும்.

தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கு. மத்திய சர்க்கார் 1999ல் வெளியிட்ட குடிநீர்க் கையேட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். தெருக்குழாயில் பிடிக்கிறவனுக்கு 40 லிட்டர். அதாவது, தொழிலாளியின் தாகத்தையே சிறிய அளவில் வரைந்துகொண்டுதான் பைப்பின் விட்டத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! பிறகு அந்தப் பைப்பில் தண்ணீர் ஏன் குறைவாக வருகிறது என்று கமிட்டி போடுகிறார்கள்.

திருப்பூர் முனிசிபாலிடியாக இருந்த காலத்தில், தனியார் பங்கோடு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு சாயப்பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் என்றுதான் திட்டமே போட்டார்கள். பனியனுக்குச் சாயம் போடத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. பனியன் தைக்கிறவனுக்கும் வேண்டாமா? 2018ல் கோவை மாநகராட்சி குடிநீர் விநியோகத்தை 26 வருஷத்துக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. ஒரு நகர சபையின் ஆயுள் ஐந்து வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஓட்டு வாங்கும் சபையின் பெயரில் 26 வருஷத்துக்குக் கையெழுத்து. அதிலும் அது தனி அதிகாரி ஆண்ட காலம். கையைத் தூக்கி எதிர்க்க ஒரு கவுன்சிலர் கூட இல்லை.

தெருவில் கடை போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மில் மூடிய பிறகு தள்ளுவண்டி பிடித்த தோழர்கள் நம்மிடையே பலர். 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி, கணக்கெடுத்து முடிக்கும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மந்திரி வரும் நாளில் தராசைத் தூக்கிக்கொண்டு போகும் ஊழியரிடம் இந்தச் சட்டத்தைக் காட்டுங்கள். அவரிடம் கோபப்பட வேண்டாம். அவரே காண்டிராக்ட் கூலியாக இருப்பார்.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது கவுன்சிலர்கள் நன்றாகப் பேசுகிறார்கள். பொருள்பட்டியலைப் படிக்கிறார்களா? போன வருஷம் ஒரு பூங்கா இடத்தைப் பற்றிய தீர்மானம் நமது உறுப்பினரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நிறைவேறியது. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் அவருக்கு அது என்ன என்று தெரிந்தது. அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நாற்பது பக்கக் காகிதத்தை ஒரு தறிக்காரர் ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். யூனியனில் கணக்கப்பிள்ளை வேலை தெரிந்தவர்கள், பத்தாவது முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு வந்தன. ஜெயித்த அம்மாளுக்குப் பதிலாகக் கணவர் போய் ஆபீசில் உட்காரும் கூத்தும் நடந்தது. இந்த வழக்கம் நம்மிடம் எட்டிப் பார்த்தாலும் முளையிலேயே கிள்ள வேண்டும்.

வரியைப் பற்றி யாரோ சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், பெரிய வீட்டுக்கு அதற்கு மேல் என்று சொத்து வரியை உயர்த்தினார்கள். நாம் வாடகைக்காரர்கள், நமக்கென்ன என்று நினைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வரியைக் காட்டி வாடகையை ஏற்றிவிட்டார். அந்த வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்கு என்று சேர்த்து வாங்குகிறார்கள். நமது வார்டில் நூலகம் எங்கே இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வேலை. பொருள்பட்டியல் வந்த அன்றே அதை நகல் எடுத்து யூனியன் ஆபீசில் வைப்பது. மூன்று பேர் கமிட்டி அதைப் படித்து, சர்வே நம்பர் உள்ள ஒவ்வொரு வரியையும் அடிக்கோடு போடுவது. கிராமத் தோழர்கள் அந்த நம்பர் எந்த வயல், எந்தக் குளம் என்று வந்து சொல்ல வேண்டும். அது உங்களுக்குத்தான் தெரியும். வால்வு திறக்கும் நேரப் பட்டியலைத் தெருவாரியாகக் கேட்டு மனு எழுதியாயிற்று. கோன் வைண்டிங் அம்மாள்தான் முதல் கையெழுத்து. மனு இந்த மேஜை மேல் இருக்கிறது. போடாதவர்கள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். கேள்விகளைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.