மூலை சேராத சட்டம்

தில்லியின் கீர்த்தி நகரிலும் பிற மாநிலப் பட்டறைகளிலும் தேக்கு, ஷீஷம் முதலிய மரங்களால் ஆன கண்ணாடிச் சட்டங்களையும் பெட்டிகளையும் காண்கிறோம். அவற்றின் அழகு மூலைகளில் அடங்கியிருக்கிறது. இரு துண்டுகளை 45 பாகைச் சாய்வில் அறுத்துச் சேர்ப்பதை மைட்டர் மூட்டு என்பர். மெல்லிய பலகையில் செவ்வனே அமையும் இம்மூட்டு, 50 மில்லிமீட்டர் கனமுள்ள வைரம் பாய்ந்த மரத்தை மேசை ரம்பத்தில் அறுக்கும்போது வாய் பிளந்து நிற்பதேன்?

கனம் புதிதாகப் பிழை எதையும் உண்டாக்குவதில்லை. மறைந்திருந்த பிழையை வெளிப்படுத்துகிறது. ரம்பத் தகடு மேசைக்குச் செங்குத்தாக நில்லாமல் அரைப் பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். 12 மில்லிமீட்டர்ப் பலகையில் அதனால் நேரும் பிசகு 0.1 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. 50 மில்லிமீட்டர் மரத்திலோ 0.4 மில்லிமீட்டருக்கு மேல். இரு துண்டுகள் சேரும்போது அது இருமடங்காகிறது. சாய்வுக் கோணத்தில் நேரும் பிழையும் இத்தகையதே. நான்கு மூலைச் சட்டத்துக்கு எட்டு வெட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகத் தவறினால், மூன்று மூலைகளை இறுக்கிய பின் நான்காவது மூலை 4 பாகை திறந்து நிற்கும்.

ஆதலால் பரிசோதனையை ஒரு வரிசையில் செய்தல் வேண்டும். முதலில் மரத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் முறுக்கின்றியும், விளிம்பு நேராகவும் இல்லையெனில் எந்த இயந்திரமும் பயன்படாது. அடுத்து, மின்னிணைப்பை அகற்றிவிட்டு, தகட்டில் ஒரு பல்லுக்கு அடையாளமிட்டு, மேசையிலுள்ள காடியிலிருந்து அதன் தூரத்தை முன்புறத்தில் அளவுங்கள். அதே பல்லைப் பின்புறம் சுழற்றி மீண்டும் அளவுங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் பின்பற்கள் வெட்டிய பரப்பையே மீண்டும் உராய்ந்து கருக்கும்.

மூன்றாவதாக, தகட்டின் செங்குத்து. ஒரு கனமான துண்டைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டு முகங்களைச் சேர்த்து வையுங்கள். பிழை இரட்டித்துத் தெரியும். நான்காவதாக, கோணமானி. அதில் பொறித்த கோட்டை முழுதும் நம்பலாகாது. இரு வீண் துண்டுகளை அறுத்துச் சேர்த்து மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். உட்புறம் திறந்தால் முனை கூர்மை மிகுதி, வெளிப்புறம் திறந்தால் முனை மழுக்கம் மிகுதி. எதிரெதிர்ச் சட்டங்களின் நீளமும் சமமாக இருத்தல் வேண்டும்.

கருவி சரியாயிருந்தும் பிசகினால், அறுக்கும்போது மரம் நகர்ந்திருக்கும். சாய்வாக அறுக்கையில் பற்கள் மரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். கோணமானியில் நீண்ட மரத்தடுப்பைத் திருகி, அதன் முகத்தில் உப்புத்தாள் ஒட்டி, மரத்தைப் பிடிகருவியால் இறுக்கினால் இந்த நகர்வு நிற்கும். மழுங்கிய பற்களும், வளையும் மெல்லிய தகடும், இயந்திரம் திணறுமாறு தள்ளும் அவசரமும் வெட்டைக் கோணச் செய்பவையே.

இன்னொன்று, ஊர்விட்டு ஊர் வாழும் நமக்கு முக்கியமானது. மரம் நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும். அகலவாக்கில் நன்கு சுருங்கும். கடற்கரை ஊரின் ஈரத்தில் செய்த சட்டம் வடநாட்டு வறட்சியில் உட்புறம் திறப்பதும், வறண்ட ஊரில் செய்தது ஈரத்தில் வெளிப்புறம் திறப்பதும் இதனாலேயே. செய்த அன்றே திறந்திருந்தால் குற்றம் வெட்டினது. பருவம் மாறிய பின் திறந்தால் குற்றம் ஈரத்தினது. வீட்டு உபயோகத்துக்கான மரத்தைச் சில வாரமாவது அவ்வூர்க் காற்றிலேயே வைத்திருந்து வேலையைத் தொடங்குவது நன்று.

முடிவாக ஓர் எச்சரிக்கை. மரத்துண்டைக் குறுக்கே அறுத்து நீக்குகையில் கோணமானியையும் நீள்வெட்டுத் தடுப்பையும் ஒருங்கே உபயோகிக்கலாகாது. நடுவில் சிக்கிய துண்டைத் தகடு நம்மை நோக்கி வீசிவிடும். காப்புறையைக் கழற்றவும் வேண்டாம். பழுதான மரத்துக்கு மாற்று மரம் உண்டு. கைக்கு மாற்றுக் கை இல்லை. நிதானமாக அளந்து, வீண்துண்டில் சோதித்து, பின்னரே நல்ல மரத்தில் ரம்பத்தை வைப்போமாக.