வலி அடங்கிய பல்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் தோற்றுவித்த இத்தெரு, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழ் வணிகர்கள் கடை வைத்திருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டை சுமந்திருக்கிறார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் இங்கே கடை நடத்திக்கொண்டே இத்தெருவின் மாந்தரைத் தம் கதைகளில் வாழவைத்தார். வெளியூரில் பிழைக்கப்போன தமிழனுக்கு உடல்நலம் குன்றினால் என்ன நேருகிறது என்பதைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அதிலும் நான் இன்று எடுத்துக்கொண்டது பல்வலி. அற்பமான நோவென்று எல்லோரும் நினைக்கும் ஒன்று.

சாலையில் ஒருவருக்குப் பல் வலித்தால் அவர் முதலில் நாடுவது கிராம்பு. தெருவெங்கும் மலைச்சரக்குக் கடைகள். கைக்கெட்டும் தூரத்தில் மருந்து. கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலை, வேளிமலைப் பகுதிகளில் விளையும் கிராம்பு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த பூமிதான். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். அது நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. பல் மருத்துவர்களும் துத்தநாக ஆக்ஸைடோடு இதே யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நம் பாட்டிமார் சொன்ன மருந்து பொய்யன்று. ஆனால் அது வலியை அடக்கும் மருந்து. நோயைத் தீர்க்கும் மருந்தன்று. அளவுக்கு மிஞ்சிப் பூசினால் ஈறு வெந்துபோவதும் உண்டு.

பல் வெறும் எலும்புத் துண்டு போலத் தோன்றினாலும், அதன் நடுவே உயிர் இருக்கிறது. வெளியே எனாமல் என்னும் கடினமான பூச்சு, அதற்குள் டென்டின், அதற்கும் உள்ளே, சிறு அறையொன்றில், ரத்தக்குழாய்களும் நரம்புகளும் பின்னிய மெல்லிய சதை. இதைப் பற்கூழ் என்கிறோம். இது வேர்களின் நடுவே மயிரிழை போன்ற கால்வாய்களில் இறங்கி, வேர்நுனியிலுள்ள நுண்துளை வழியாகத் தாடையோடு தொடர்பு கொள்கிறது. சொத்தை வளர்ந்து கிருமிகள் கூழை எட்டியதும் அது வீங்குகிறது. கையில் புண் வந்தால் தோல் நெகிழ்ந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும். பல்லுக்குள் நெகிழ்வது எது? நாற்புறமும் கற்சுவர். எனவேதான் அந்த வலி அவ்வளவு கொடியது. படுத்தவுடன் தலைக்கு ரத்தம் மிகுதியாக ஏறுவதால் இரவில் இரட்டிப்பாகிறது.

இதை நாம் ‘பூச்சிப்பல்’ என்கிறோம்; மலையாளிகள் ‘புழுப்பல்லு’ என்கிறார்கள். பூச்சியுமில்லை, புழுவுமில்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம். 1965-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் இதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினார்கள். கிருமியே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள். உணவு அதில் சிக்கியபோதும் அந்தக் கூழ் சாகவில்லை. புண்ணின் மேல் புதிய டென்டினே படர்ந்தது. சாதாரண எலிகளுக்கோ கூழ் அழுகிச் சீழ் பிடித்தது.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். மூன்று நான்கு நாள் உயிரை வாங்கிய வலி ஒரு காலையில் தானாகவே நின்றுவிடுகிறது. நோயாளி மகிழ்கிறார், கிராம்பு வேலை செய்தது என்கிறார், அல்லது நேர்ந்துகொண்ட சாமியைக் கும்பிடுகிறார். பெரும்பாலும் உண்மையில் நடந்தது வேறு. கூழ் செத்துவிட்டது, நரம்பும் செத்ததால் வலி இல்லை. கிருமிகளோ சாகவில்லை. செத்த சதையைத் தின்று பெருகி, வேர்நுனி வழியாகத் தாடையெலும்புக்குள் இறங்குகின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ, கடித்தால் நோகிறது. பல் சற்று நீண்டுவிட்டது போலத் தோன்றுகிறது. ஈற்றில் ஒரு கொப்புளம் எழுந்து உடைந்து, மீண்டும் எழுகிறது.

இந்நிலையில் பலர் மருந்துக் கடையில் பெயர் சொல்லி ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். மருந்து எங்கும் ரத்தத்தின் வழியேதான் போய்ச் சேர வேண்டும். செத்த பல்லுக்குள் ரத்தமே ஓடவில்லையே! பாதையில்லாத ஊருக்கு வண்டி எப்படிப் போகும்? வெளியே பரவிய வீக்கம் ஒருவேளை வற்றலாம். பல்லுக்குள் இருக்கும் கிருமிக் கூட்டம் அப்படியே இருக்கும். இவ்விதம் அரைகுறையாக உண்ணும் மருந்து கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக்குகிறது. கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில், மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கும் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது இதனால்தான்.

பல்லினால் சாவு வருமா என்று கேட்கலாம். அரிதாக வரும். 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ஒரு நோயை விவரித்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக்குழலை நெரிப்பது அது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தாடைக்கு அடியில் இருபுறமும் வீக்கம், நாக்கு மேலெழும்புதல், எச்சில் விழுங்க இயலாமை, வாய் திறவாமை, காய்ச்சல்: இவற்றைக் கண்டால் பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் இருமடங்கு கவனமாயிருக்க வேண்டும்.

சரி, தீர்வு என்ன? ஒன்று, பல்லைப் பிடுங்குவது. மற்றொன்று, பல்லை வைத்துக்கொண்டு அதன் உள்ளே இருப்பதை மட்டும் அகற்றுவது. இரண்டாவதுதான் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை. ஆங்கிலப் பெயரிலேயே ரூட் கேனால் என்று எல்லோரும் வழங்குகிறோம். ஊசி போட்டு இடத்தை மரக்கச் செய்து, பல்லின் மேற்புறத்தில் சிறு வாசல் திறந்து, நுண்ணிய அரங்களைக் கால்வாய்க்குள் செலுத்திச் செத்த சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். கிருமிநாசினித் திரவத்தால் மறுபடி மறுபடி கழுவுகிறார்கள். கீழ்க் கடைவாயின் முதற்பல்லுக்குப் பெரும்பாலும் வேர் இரண்டு, கால்வாய் மூன்று. நான்காவதும் சில வேளை ஒளிந்திருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் நோய் திரும்பும். பொறுமை மிகவும் வேண்டிய தொழில் இது. 1838-ஆம் ஆண்டை ஒட்டி மேனார்டு என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் கடிகார வில்லைத் தேய்த்து இதற்கான கருவி செய்தார் என்பார்கள். அதே மனிதர் துப்பாக்கிக்கும் புதுப் பொறி கண்டவர்!

சுத்தமான கால்வாயை வெறுமையாக விடலாகாது. அதை அடைக்கும் பொருள் கட்டாபெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகியது இது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிருந்த இப்பொருளை 1867-இல் போமன் என்ற அமெரிக்கர் பல்லுக்குக் கொண்டுவந்தார். ரப்பர் தோட்டங்களுக்கு நம்மவர் கப்பலேறிய அதே மலேயாவின் மற்றொரு மரத்துப் பால், இன்று துத்தநாக ஆக்ஸைடு மிகுதியாகக் கலந்து, நம் பல்லின் வேருக்குள் உறைகிறது. இறுதியில் பல்லுக்குத் தொப்பி போட வேண்டும். அடைத்த கடைவாய்ப்பல் பலம் குன்றியது. தொப்பியின்றிப் பிளந்துபோன பற்கள் ஏராளம்.

செத்த பல்லை வாயில் வைத்திருந்தால் உடம்பெல்லாம் நோய் வரும் என்ற அச்சம் ஒன்று உண்டு. 1910-இல் ஹன்டர் என்ற ஆங்கில மருத்துவர் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய சொற்பொழிவு இதற்கு வலுவூட்டியது; அதன் விளைவாக எண்ணற்றோரின் பற்கள் வீணாகப் பிடுங்கப்பட்டன. பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் கைபேசிகளில் அது இன்னும் உலவுகிறது.

செலவைப் பற்றிப் பேசாமலிருப்பது நேர்மையாகாது. பிடுங்குவதைவிட இது பன்மடங்கு செலவு. இரண்டு மூன்று முறை போக நேரலாம். நாள் கூலிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வருமானம் போகிறது. எனவே பிடுங்கிக்கொள்பவரை நான் குறை கூற மாட்டேன். வேர் பிளந்திருந்தால், பல் பெரும்பகுதி கரைந்திருந்தால் பிடுங்குவதே சரி. பிடுங்கிய இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வழியும் நோயைத் தீர்ப்பவை. மாத்திரை ஒன்றுதான் தீர்க்காதது. திருவனந்தபுரத்தில் 1959-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிறது. சாலையிலிருப்பவர் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் போதும். நீங்கள் இருக்கும் மாநிலத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள்.

மொழியும் ஒரு தடைதான். மலையாளம் தமிழுக்கு அண்டைமொழி என்பதாலேயே சில சமயம் ஏமாற்றும். அங்கே மருத்துவர் ‘பழுப்பு’ என்றால் நிறத்தைச் சொல்லவில்லை, சீழைச் சொல்கிறார். ‘நீரு’ என்றால் வீக்கம். ஈறு ‘மோண’, கடைவாய்ப்பல் ‘அணப்பல்லு’. பம்பாயிலோ பெங்களூரிலோ இருப்பவர்களும் இப்படி நாலைந்து சொற்களை அவ்வூர் மொழியில் கற்றுக்கொள்ளுதல் நலம். வலி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, சூடா குளிரா எது பட்டால் கூசுகிறது என்று சொல்லத் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஊர்விட்டு ஊர் வாழ்பவர்களுக்கு மட்டும் நேரும் தொல்லை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதல் நாள் சிகிச்சையில் வலி போய்விடும். மருத்துவர் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார். அதற்குள் பொங்கல் வரும், அல்லது ஊரில் ஒரு கலியாணம்; நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து ஒழுகும். சுத்தம் செய்த கால்வாயில் கிருமிகள் மறுபடி குடியேறும். பயணம் நிச்சயமாகியிருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே படத்தையும் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கால்வாய் எவ்வளவு நீளம், எதுவரை வேலை முடிந்தது என்ற குறிப்பு கையிலிருந்தால், ஊரிலுள்ள பல் மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிகிச்சை முடிந்தபின் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து மற்றொரு படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேர்நுனியில் கருநிழலாகத் தெரிந்த இடம் வெளுத்திருந்தால், அங்கே எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது என்று பொருள்.