ஆஸ்பத்திரியில் சேரும்போது மனநல மாத்திரையை மறைக்காதீர்கள்

(குடும்ப நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் வீட்டில் ஒருவர் மனநலத்துக்காகத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். வயிற்றுப்போக்காக இருக்கலாம், பிரசவமாக இருக்கலாம், பட்டாசு ஆலையில் பட்ட தீக்காயமாகவும் இருக்கலாம். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?" என்று டாக்டர் கேட்கிறார். சுகர் மாத்திரையைச் சொல்கிறோம், பிரஷர் மாத்திரையைச் சொல்கிறோம். மனநல மாத்திரையை மட்டும் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டிலில் தெரிந்த முகம் இருக்கிறது, வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று சொல்கிறேன்.

லித்தியம் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷமாக மாறத் தொடங்கும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால் இந்த அளவு ஏறும். வாந்தி, பேதி, தீக்காயம், நம் ஊர் வெயில் எல்லாமே நீரை இழுப்பவை. வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மருந்துகளும், நீர் பிரிவதற்கான சில பிரஷர் மாத்திரைகளும் அதை ஏற்றும். கை பலமாக நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். லித்தியம் சாப்பிடுகிறார் என்று தெரிந்த டாக்டர் வேறு வலி மருந்து கொடுப்பார், ரத்தத்தைச் சோதிப்பார். தெரியாதவர் என்ன செய்வார்?

அடுத்து குளோசபின். 2 நாளுக்கு மேல் விட்டுப்போனால், முன்பு சாப்பிட்ட முழு அளவை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம், வலிப்பு வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். ஆகவே, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதும் முக்கியம். இன்னொன்று, பீடி சிகரெட் புகை இந்த மருந்தின் அளவைக் குறைத்து வைத்திருக்கும். வார்டில் புகைப்பது நின்றால் ரத்தத்தில் மருந்து ஏறும். பீடி குடிப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால், காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மூன்றாவது, 2 வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. வீட்டில் மாத்திரை அட்டை இருக்காது. அதனால் குடும்பத்தாருக்கே அது மருந்து என்று நினைவுக்கு வராது. ஊசி நாள் வார்டில் இருக்கும்போதே கடந்துபோய்விடும். சில வாரம் கழித்து நோய் திரும்பும்போதுதான் தெரியவரும். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினாலும் சிலருக்கு வலிப்பு வரும்.

மறைத்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். பின்னாளில் அங்கே துஆவோடு மருந்தும் சேர்ந்து நடக்கட்டும் என்ற 'தவா துஆ' திட்டம் வந்தது. சிகிச்சை தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் மனநல விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. வார்டில் நாலு பேர் முன்னால் சொல்லத் தயக்கமா? "டாக்டர், தனியா ஒரு விஷயம் சொல்லணும்" என்று கேளுங்கள். அல்லது சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அந்தச் சீட்டை இன்றே எழுதி வையுங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. ஊசி என்றால் கடைசியாகப் போட்ட தேதி, அடுத்த தேதி. கடைசி ரத்தப் பரிசோதனை. பார்க்கும் டாக்டர் அல்லது ஆஸ்பத்திரி. யூனானி, நாட்டு மருந்து எதுவானாலும் அதுவும். ஒவ்வாமை இருந்தால் அது. மாத்திரையை வெறும் கவரில் வைக்காதீர்கள், பெயர் தெரியும் அட்டையோடு வையுங்கள். சீட்டை போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆலையில் விபத்து என்றால் 108 வண்டி சிவகாசிக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து மதுரைக்கும் மாற்றலாம். அடிபட்டவர் பேசும் நிலையில் இருக்க மாட்டார். அப்போது பேச வேண்டியது அந்தச் சீட்டுதான்.

வார்டில் மூன்று வேலை உண்டு. சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். அந்த மருந்து அங்கே இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவந்து நர்ஸிடம் ஒப்படையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து நீங்களாகக் கொடுக்காதீர்கள், இரண்டு முறை போய்விடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் ஒப்பிட்டு, விட்டுப்போனது ஏன் என்று கேட்டு, மனநல டாக்டரிடம் காட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.

வீட்டு மானத்தைக் காக்க நினைத்து வீட்டு ஆளை இழந்துவிடக் கூடாது. நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.