செதில் வைத்த சுருக்குப்பை



இலக்கிய நிகழ்ச்சியிலே சுருக்குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் பருத்தித்துறைக்காரி. பெயரிலேயே பருத்தியைச் சுமக்கும் ஊரில் பிறந்தவள் நூலைப்பற்றிப் பேசுவதிலே குற்றமில்லை என்று எண்ணுகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் என் பேத்தி கனடாவிலிருந்து வந்திருந்தாள். நான் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவள், "அம்மம்மா, இப்பிடிச் செதில் வைச்சு எனக்கொரு சுருக்குப்பை பின்னித் தாங்கோ" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் குரோசே பழகியவள். 1824ஆம் ஆண்டு உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு, ஊசியும் நூலும் எங்கள் பெண்களின் படிப்போடு சேர்ந்தே வந்தவை. ஆனால் செதில் பின்னல் எனக்குப் புதிது. அடியிலே ஒரு வட்டம். அதன்மேல் இரண்டிரண்டு தூண்களாக ஒரு வரி. பின்பு ஒரு தூணின்மேல் கீழ்நோக்கி ஐந்து பின்னல், அடுத்த தூணின்மேல் மேல்நோக்கி ஐந்து பின்னல். ஒரு செதில் விரிந்துவிடும். அடுத்த வரியின் செதில்கள், கீழ்வரிச் செதில்களின் இடைவெளியை மூடவேண்டும். வாயருகே கண்விட்டுப் பின்னி, இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கமாகக் கோத்தால், இழுத்தவுடன் பை சுருங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வரியில் என் கை நின்றுவிட்டது. இது கிடுகு வேய்கிற முறையல்லவா? தாழ்வாரத்திலிருந்து தொடங்கி, மேல்வரி கீழ்வரியை மூட மூட, முகட்டை நோக்கிப் போவது. மழை வழிந்தோட மனிதன் கண்ட வழியும், மீனின் உடம்பில் இயற்கை அடுக்கிய வழியும் ஒன்றுதான். இதை என் அம்மம்மா கண்டிருந்தால் ஒரு பார்வையிலே பிடித்திருப்பா.

அம்மம்மா பன்னவேலைக்காரி. பனங்குருத்தை ஈர்க்கு நீக்கிக் காயவைத்து, ஒரே அகலமாக வார்ந்து, பெட்டி இழைத்து விற்பா. அவவின் மடியில் எப்போதும் ஒரு கொட்டப்பெட்டி செருகியிருக்கும். வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதற்குள்ளேதான். என் குரோசே நூலுக்கான காசும் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

ஒருநாள், "எடி பிள்ளை, அந்த ஊசியை எனக்கும் ஒருக்காக் காட்டன்" என்று கேட்டா. இரண்டு மாலைப்பொழுதிலே பழகிவிட்டா. பிறகு, வார்ந்த ஓலையை என் பக்கம் நீட்டி, "இதையும் பழகன்" என்றா. "எனக்கு உது வேண்டாம்" என்றேன் நான். குரோசேக்குப் பள்ளியிலே புள்ளி உண்டு. ஓலை வேலை ஏழைகளின் வேலை. அதைத் தோழிகள் கண்டால் சிரிப்பார்கள் என்ற வெட்கம். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓலையை மடியில் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தா.

அவ போனபின் அந்தக் கொட்டப்பெட்டியை றங்குப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்தேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எங்கள் கரையில் ஏறிய கடல் அதையும் கொண்டுபோயிற்று. நாங்கள் உயிர் தப்பினோம். பெட்டியைப் பற்றி அழுவதற்கு அன்று யாருக்கும் நேரமில்லை.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்ப அதைச் செய்து காட்டுங்கோவன்" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல நேர்ந்தபோதுதான், அன்று நான் வேண்டாமென்றது எதை என்று விளங்கிற்று. பனைசார்ந்த தொழில்களை வளர்க்க 1978இல் பனை அபிவிருத்திச் சபையை நிறுவினார்கள். ஓலைப் பொருட்கள் கடைகளிலும் விற்கின்றன. வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவள் கேட்டது அதுவல்லவே.

இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வயதான அம்மா இன்னும் பெட்டி இழைக்கிறா. நானும் பேத்தியும் அவவிடம் போய் நிலத்தில் அமர்ந்தோம். ஓலை வெடிக்காமல் ஈரம் காட்டுவதிலிருந்து தொடங்கினா. என் முதல் கொட்டப்பெட்டி கோணலாக வந்தது. மூடி இன்றுவரை சரியாக இறங்காது.

பேத்தி திரும்பிப் போகும்போது செதில் வைத்த சுருக்குப்பையை மறவாமல் எடுத்து வைத்தாள். கோணல் பெட்டியையும் கேட்டாள். அதை மட்டும் நான் கொடுக்கவில்லை. அது என் மடியில் இருக்கிறது.