பாட்டோடு படிக்கட்டும் நம் பிள்ளைகள்

(திருக்கேதீஸ்வரம் தரிசிக்க வந்த தோட்டக் குடும்பங்கள் பாப்பாமோட்டையில் தங்கியபோது ஆற்றிய உரை)



நாம் இன்று உட்கார்ந்திருக்கும் இந்த மன்னார்க் கரைப் பக்கத்தில்தான் நம் முன்னோர் பலர் தோணியில் வந்து இறங்கினார்கள். காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். கையில் புத்தகம் இல்லை. தாலாட்டும் கும்மியும் கூடவே வந்தன.

"நாங்க படிக்காதவங்க, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்று தாய்மார் நம்மிடம் கேட்பதுண்டு. உங்களிடம் பாட்டு இருக்குதே!

1930களில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டக் கூட்டங்களில் பாட்டாகவே பாடித் தொழிலாளர்களுக்கு உரிமைகளை விளக்கினார். எழுத்து தெரியாதவர்களும் கேட்டு விளங்கிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குப் பிடிபட்ட வழி பிள்ளைகளுக்குப் பிடிபடாதா?

பாட்டில் தாளம் இருக்கிறபடியால் அடுத்த சொல் தானாக வாயில் வரும். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது கூச்சப்படுகிற பிள்ளையும் வாய் திறக்கும். பிழை விட்டாலும் வெளியில் தெரியாது. ஔவையாரின் ஆத்திசூடி எழுத்து வரிசையிலேயே தொடங்குகிறது. பாடப் பாட அந்த வரிசையும் மனசில நிக்கும். கும்மி தட்டிக்கொண்டே வாய்ப்பாடும் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் கண்ட ஒரு பிள்ளை ஒரு பாட்டை முழுசாகப் பாடியது. புத்தகத்தில் அந்த வரியைத் தொட்டுக் காட்டச் சொன்னோம், முழித்தது. பாட்டு வாயில் இருந்தது, எழுத்து கண்ணில் பதியவில்லை. ஆகவே பாடும்போது ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைத்துப் பாடப் பழக்குங்கள். பிறகு பாடாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கொழுந்து மலையில் பாடிய பாட்டுகள் நம் பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை அப்படிப்பட்ட பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆனாலும் உங்கள் லயத்துப் பாட்டி பாடுவது எல்லாம் எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. பாட்டி பாடட்டும், பேரப்பிள்ளை கொப்பியில் எழுதட்டும். எழுதியதைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டட்டும். பிள்ளைக்கு அது எழுத்துப் பயிற்சி. பாட்டிக்கோ, தானும் ஒரு வாத்தியார்தான் என்ற பெருமை.

மலைக்குத் திரும்பியதும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரு பாட்டைத் தொடங்குங்கள். வெட்கப்பட வேண்டாம். தாயின் குரல்தான் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம்.