பட்டு நகரில் ஒரு கலை விடுதி

ஜப்பானுக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் டோக்கியோவைக் காண்பர். கியோட்டோவின் கோயில்களைக் காண்பர். மயேபாஷியைக் காண்பவர் மிகச் சிலரே. டோக்கியோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகரம் குன்மா மாநிலத்தின் தலைநகரம். ஆயினும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் இவ்வூருக்கு வருவதில்லை. பக்கத்து நகரமான தகசாகியில் இறங்கி, வேறு ரயில் ஏறிக் கால் மணி நேரம் செல்லவேண்டும். அவ்வாறு சென்று, அங்குள்ள ஷிரோயியா என்னும் விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினேன்.

விடுதியைப் பற்றிச் சொல்லுமுன் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரை அறியாதார்க்கு அவ்விடுதி வெறும் விநோதமாகவே தோன்றும். 1859ஆம் ஆண்டில் யோகோஹாமாத் துறைமுகம் அயல்நாட்டு வாணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் மயேபாஷியின் பட்டு நூல், ஐரோப்பியச் சந்தைகளில் அவ்வூரின் பெயராலேயே வழங்கும் அளவுக்குப் புகழ் பெற்றது. 1870இல் ஜப்பானின் முதல் இயந்திரப் பட்டு நூற்பாலை இங்கேதான் தோன்றியது. தோனே ஆறு கரையை அரித்து அழித்துவிட்ட பழைய கோட்டையை, பட்டு வணிகர்களின் நன்கொடையைக் கொண்டு 1867இல் மீண்டும் எழுப்பினார்கள். பாவம், நான்கே ஆண்டுகளில், 1871இல், சிற்றரசுகளே ஒழிக்கப்பட்டன. கோட்டைக்கு வேலையில்லாமற் போயிற்று!

1945 ஆகஸ்ட் 5ஆம் நாள் இரவு விழுந்த குண்டுகளால் நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீண்டும் கட்டிய நகரத்திலும் பட்டுத் தொழில் பழைய நிலைக்கு வரவில்லை. மோட்டார் கார் பெருகப் பெருக, மக்கள் ஊர்ப்புறத்திலிருந்த பெருங்கடைகளை நாடினார்கள். நடு நகரக் கடைவீதியில் கதவடைத்த கடைகளை நானும் கண்டேன். பகலிலும் அங்கே நம் காலடி ஓசை நமக்கே கேட்கிறது.

ஷிரோயியா முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பெரும் விடுதி. எழுத்தாளர் மோரி ஓகாய் போன்றோர் தங்கிய இடம். 1970களில் அது நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடமாக மாறிற்று, 2008இல் மூடப்பட்டது. இடித்துத் தள்ளவேண்டிய நிலையிலிருந்த அக்கட்டடத்தைக் காப்பாற்ற முன்வந்தவர் ஹிதோஷி தனாக்கா. இவர் அவ்வூர்க்காரர், மூக்குக் கண்ணாடி வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். கட்டடக் கலைஞர் சோ புஜிமோதோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 2020 டிசம்பரில் விடுதி மறுபடியும் திறக்கப்பட்டது.

புஜிமோதோ செய்தது விந்தையான வேலை. பழைய கட்டடத்தை அவர் அலங்கரிக்கவில்லை. அதன் சதையை அரிந்து எலும்பைக் காட்டினார். மாடித் தளங்களை அகற்றிவிட்டுத் தூண்களையும் உத்தரங்களையும் மட்டும் நிறுத்தினார். உள்ளே நுழைந்தவுடன் தலைக்கு மேல் நான்கு மாடி உயரத்துக்கு வெட்டவெளி. குறுக்கும் நெடுக்கும் மெருகேறாத கான்கிரீட் உத்தரங்கள். அவற்றினூடே ஆர்ஜென்டினா நாட்டுக் கலைஞர் லியாண்ட்ரோ எர்லிக் அமைத்த குழாய்கள் வளைந்து வளைந்து செல்கின்றன. தண்ணீர்க் குழாய்கள் போலத் தோன்றும் அவை இருட்டியதும் ஒளிவிடுகின்றன, நிறமும் மாறுகின்றன. பழைய வீட்டின் நாடி நரம்புகள் மறுபடி ஓடத் தொடங்கினாற்போல எனக்குத் தோன்றிற்று.

மாலையில் அக்கூடத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் உள்ளூர் முதியவர் ஒருவர் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். விடுதிப் பணிப்பெண்ணின் உதவியால் பேசிக்கொண்டோம். அவர் மேலே விரலை நீட்டி, “எங்கள் திருமண விருந்து அந்த மாடியில்தான் நடந்தது” என்றார். அவர் காட்டிய இடத்தில் மாடி இல்லை, காற்றுத்தான் இருந்தது. அம்மையார் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. “இடித்திருந்தால் விரல் நீட்டக்கூட இடமிருக்காது” என்று மட்டும் சொல்லித் தேநீரை எடுத்துக்கொண்டார்.

விடுதியில் உள்ள அறைகள் இருபத்தைந்தே. அவற்றுள் நான்கை எர்லிக், புஜிமோதோ, இத்தாலியரான மிக்கேலே தெ லூக்கி, ஆங்கிலேயரான ஜாஸ்பர் மாரிசன் ஆகியோர் ஆளுக்கொன்றாக வகுத்தனர். மாரிசனின் அறை மரப்பெட்டிக்குள் குடியிருப்பது போன்றது. ஏனைய அறைகளிலும் வெவ்வேறு கலைப்பொருள்கள். குன்மாவோடு தொடர்புடைய கலைஞர்களின் படைப்புகளும் அவற்றுள் உண்டு. வரவேற்பிடத்தில் ஹிரோஷி சுகிமோதோ எடுத்த நீர்ப்பரப்பின் புகைப்படம். வெளிச்சுவரில், சொற்களையே சிற்பமாகக் கருதிய அமெரிக்கர் லாரன்ஸ் வீனரின் எழுத்துகள். முதற்பார்வைக்கு விளம்பரப் பலகை என்றே எண்ணத் தோன்றும். அவர் 2021இல் காலமானார். இத்துணைப் பெரிய பெயர்கள் ஒரு கூரையின் கீழ் நெருங்கும்போது கண் சற்றே களைத்துப்போவதும் உண்மை. எனக்கு வாய்த்த எளிய அறையில் ஒரேயொரு ஓவியம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பின்புறத்தில், தோனே ஆற்றின் பழைய கரையை நினைவூட்டும் புல்மேடு ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். அதனடியில் சில அறைகள் உள்ளன. முன்னுள்ள நெடுஞ்சாலைக்கும் பின்னுள்ள பாபாகாவா வீதிக்கும் இடையே, விடுதியினூடாகவே வழி செல்கிறது. விருந்தினரல்லாதாரும் தாராளமாக நடந்து போகிறார்கள். இந்த வழிதான் அங்குள்ள கலைப்பொருள்கள் யாவற்றினும் சிறந்தது என்பது என் கருத்து.

ஒரு செல்வரின் பணப்பையை நம்பி ஓர் ஊர் எத்தனை காலம் வாழும் என்ற ஐயம் எழாமலில்லை. வணிகர் கட்டிய கோட்டைக்கு நேர்ந்த கதி அவ்வூரார் அறியாததன்று. அதனாற்போலும், தனாக்காவும் உள்ளூர்த் தொழிலதிபர்களும் ‘சூரியன் சங்கம்’ என்ற ஓர் அமைப்பை ஏற்படுத்தி, ஆண்டுதோறும் நிகர இலாபத்தில் 1 சதவீதத்தை ஊர்ப்பணிக்கு அளிக்கின்றனர். கலைஞர் தாரோ ஒகமோதோ படைத்த ‘சூரிய மணி’யை 2018இல் ஹிரோசே ஆற்றங்கரையில் நிறுவியதும், பாபாகாவா வீதியைப் புதுப்பித்ததும் இச்சங்கத்தின் உதவியாலேயே. நகராட்சியும் பழைய பேரங்காடிக் கட்டடம் ஒன்றை ஓவியக்கூடமாக்கி 2013இல் திறந்திருக்கிறது.

புறப்படும் நாள் காலையில் பாபாகாவா வீதியில் நடந்தேன். ஓடையின் ஓரமாகப் புதுக்கற்கள் பாவியிருந்தார்கள். ரொட்டிக் கடையில் நால்வர் வரிசையில் நின்றனர். அடுத்த கடையின் இரும்புக்கதவு இறங்கியேயிருந்தது. அதற்கும் அடுத்த கடையில் தச்சர்கள் இருவர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கடை வரப்போகிறது என்று கேட்டேன். நூடுல்ஸ் கடை என்றார்கள்.